நான்காம் கேள்வி

உப்போடைப்பட்டி
14.11.2024

மதிப்பிற்குரிய நேசமணி சார் அவர்களுக்கு,

வணக்கம். என் பெயர் செல்வலட்சுமி. சொந்த ஊர் இடைசெவல். பசுவந்தனைக்கு அடுத்த உப்போடைப்பட்டியில், அரசு நடுநிலைப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். ஓய்வு பெற்ற பின் நீங்கள் தனியாக நடத்திவரும் 'ஊரும் பாடமும்' இணையதளத்தை மூன்று ஆண்டுகளாக வகுப்பில் பயன்படுத்துகிறேன். வரலாற்றைப் பக்கத்து ஊரிலிருந்து தொடங்கலாம் என்று எங்களுக்குக் காட்டிக்கொடுத்தது அந்தத் தளம்தான். இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

தளத்தில் 'தொடர்புக்கு' என்று போட்டிருக்கும் இடத்தில் தொலைபேசி எண் இல்லை, மின்னஞ்சல் இல்லை. கோவில்பட்டி வீட்டு முகவரி மட்டும் இருக்கிறது. அதனால்தான் கடிதம்.

போன வாரம் உப்போடைப்பட்டியைப் பற்றிய பக்கத்தை எட்டாம் வகுப்பில் ஸ்மார்ட் போர்டில் திறந்தேன். சொந்த ஊரைத் திரையில் பார்த்ததும் பிள்ளைகளுக்கு ஒரே கூச்சல். ஊர்க் கிணற்றின் படம் வந்தது. கீழே ஐந்து கேள்விகள். நான்காவது: 'படத்தில் கிணற்றுச் சுவருக்கு வெளியே உள்ள தொட்டி எதற்குப் பயன்பட்டது?'

தங்கமாரி என்ற பிள்ளை எழுந்து வந்தாள். தெற்குத் தெருப் பிள்ளை. வகுப்பில் அதிகம் பேசமாட்டாள். சமூக அறிவியல் என்றால் மட்டும் கை தூக்குவாள். தட்டெழுத்துப் பலகையில் ஒவ்வோர் எழுத்தாகத் தேடி, 'எங்க பெரியம்மா தண்ணி பிடிக்க' என்று எழுதினாள். சிவப்புப் பெருக்கல் குறி வந்தது. கூடவே அந்த 'டொய்ங்' சத்தம். அடுத்து, 'சரியான விடை: மாடுகள் நீர் அருந்த.'

பின்வரிசையிலிருந்து ஒருவன் கேட்டான்: "ஏட்டி, அப்ப ஒங்க பெரியம்மா மாடா?"

வகுப்பு சிரித்தது. அவனைக் கண்டித்தேன், வெளியே நிறுத்தினேன். ஆனால் சார், அவன் உங்கள் விடையைத்தான் படித்தான். இது நான் எழுத விரும்பாத வாக்கியம்.

முன்பெல்லாம் அந்த ஊர்க் கிணற்றில் தெற்குத் தெருக்காரர்கள் இறங்கித் தண்ணீர் எடுக்க முடியாது. மேல்தெருக்காரர்கள் இறைத்து ஊற்றுவார்கள். வெளியே அந்தத் தொட்டியில் இவர்கள் பிடித்துக்கொள்வார்கள். ஊரில் நாற்பதைத் தாண்டிய யாரைக் கேட்டாலும் தெரியும். விடையைத் திருத்துங்கள்.

இப்படிக்கு,
செல்வலட்சுமி


கோவில்பட்டி
21.11.2024

அன்புள்ள செல்வலட்சுமி டீச்சர் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். அந்தப் பிள்ளைக்கு நேர்ந்ததற்கு மிகவும் வருந்துகிறேன். அந்தச் சத்தத்தை எல்லாப் பக்கங்களிலிருந்தும் நேற்றே எடுத்துவிட்டேன். உற்சாகமாக இருக்கும் என்று நினைத்துச் சேர்த்தது. தவறான விடைக்கு எதற்கு உற்சாகம் என்று எனக்குத் தோன்றாமல் போயிற்று.

முகவரி மட்டும் கொடுத்திருப்பதற்குக் காரணம், உடனே பதில் சொல்ல எனக்கு வராது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பு எடுத்தும், கேள்வி கேட்ட பிள்ளைக்கு மறுநாள் பதில் சொன்ன ஆசிரியன் நான்.

விடையைப் பற்றி. தளத்தில் எதைப் போட்டாலும் ஒன்றையொன்று சாராத இரண்டு சான்றுகள் வேண்டும் என்று விதி வைத்திருக்கிறேன். தொடக்கத்தில் பாஞ்சாலங்குறிச்சியைப் பற்றிக் கேள்விப்பட்ட ஒன்றை அப்படியே எழுதிவிட்டேன். அது தவறு என்று தெரிவதற்குள் பல பள்ளிகளில் பிள்ளைகள் அதை விடைத்தாளில் எழுதிவிட்டார்கள். அதன் பிறகு வந்த விதி.

உங்கள் ஊர்க் கிணற்றுச் சுவரில் ஒரு கல் இருக்கிறது. அதில் 'பொதுக் கிணறு' என்று பொறித்திருக்கிறது. பொது என்றால் எல்லோரும் உள்ளேயே இறைத்திருப்பார்கள் என்று எடுத்துக்கொண்டேன். அது முதல் சான்று. படம் தந்தவர் உங்கள் ஊர் வன்னியபெருமாள். பழைய பஞ்சாயத்துத் தலைவர், என் நண்பர். "வெளியே இருப்பது மாட்டுத் தொட்டிதானே அண்ணாச்சி?" என்று கேட்டு உறுதி செய்துகொண்டேன். "ஆமா சார்" என்றார். அது இரண்டாம் சான்று.

நீங்கள் சொல்வது பொய் என்று நான் சொல்லவில்லை. அப்படி ஒலித்தால் மன்னிக்க வேண்டும். எழுத்தில் ஏதாவது கிடைக்குமா? பழைய மனு, பஞ்சாயத்துத் தீர்மானம், ஏதாவது?

அன்புடன்,
நேசமணி


உப்போடைப்பட்டி
30.11.2024

மதிப்பிற்குரிய சார் அவர்களுக்கு,

எழுத்தில் என்ன இருக்கும் சார்? தண்ணீர் ஊற்றியவர்கள் ஊற்றினோம் என்று எழுதி வைக்கவில்லை. பிடித்தவர்களுக்கு எழுதத் தெரியாது. 'பொது' என்று கல்லில் வெட்டியவர்கள் தொட்டியைப் பற்றி அதே கல்லில் வெட்டவில்லை. பிறகு எந்தக் காகிதத்தை நான் தேடுவது?

ஆளைத் தேடினேன். தங்கமாரியின் பெரியம்மா வெயிலுகந்தம்மாள் தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போய்வருகிறார். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனேன். மழை பெய்திருந்ததால் செருப்பில் கரிசல் அப்பி, ஒரு காலுக்கு ஒரு படி மண்ணோடு போய் நின்றேன். என்னைப் பார்த்ததும், "டீச்சர், மொதல்ல காலைக் கழுவுங்க. ஒங்க வரலாறு எங்கயும் ஓடிராது" என்றார். அவர் பேசியதை போனில் பதிவு செய்து இத்துடன் பென் டிரைவில் அனுப்பியிருக்கிறேன். நீங்கள் கேட்கத் தயங்குவீர்களோ என்று கொஞ்சம் எழுதியும் விடுகிறேன்:

"சின்னப்பிள்ளையில நானும் எங்கம்மாவும் போவோம். அவிய உள்ள நின்னு எறைச்சு ஊத்துவாவ. நாங்க இங்கன குடத்தை வச்சுக்கிட்டு நிப்போம். யாரும் வராட்டா வெயில்ல நிக்க வேண்டியதுதான். 'அம்மா, தண்ணி ஊத்துங்க'ன்னு கூப்புடணும். எங்கம்மா கூப்புடமாட்டா. என்னையத்தான் கூப்புடச் சொல்லுவா. அவளுக்கு அது ஒரு மாதிரியா இருக்கும்போல. எனக்கு அப்ப தெரியல. நான் பாட்டுப் பாடுத மாதிரி கூப்புடுவேன்."

அவர் பெயரைத் தளத்தில் போடலாமா என்று கேட்டேன்.

"போட்டே போடுங்க. வெயிலுகந்தம்மாள்னு இந்த ஊருல நான் ஒருத்திதான், மாறிப் போகாது. பிள்ளை சரியா எழுதியிருக்கு. அதைத் தப்புன்னு சொன்ன மிசினுக்கு நான் சொன்னேன்னு சொல்லுங்க."

தங்கமாரி பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குத் தேவை அந்தச் சிவப்புக் குறி போவது மட்டும். அரையாண்டுத் தேர்வுக்கு முன் திருத்திவிட்டால் அதே வகுப்பில் அதே பிள்ளைகள் முன் மறுபடி திறந்து காட்டிவிடுவேன்.

இப்படிக்கு,
செல்வலட்சுமி


கோவில்பட்டி
9.12.2024

அன்புள்ள டீச்சர் அவர்களுக்கு,

பதிவைக் கேட்டேன். 'பாட்டுப் பாடுத மாதிரி' என்ற இடத்தில் நிறுத்திவிட்டு, சிறிது நேரம் கழித்துத்தான் மேலே கேட்க முடிந்தது. அந்த அம்மாள் உண்மையைச் சொல்கிறார் என்று நம்புகிறேன்.

ஆனால் என் நம்பிக்கை சான்றாகாது. இது ஒருவர் சாட்சி. அதுவும் அந்தப் பிள்ளையின் சொந்தக்காரர். வன்னியபெருமாளிடம் மறுபடி தொலைபேசியில் பேசினேன். "மாட்டுத் தொட்டின்னு போட்டது சரிதானே அண்ணாச்சி?" என்றேன். "சரிதான் சார்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "பிள்ளைய எல்லாம் ஒண்ணா ஒக்காந்து படிக்கு, ஒண்ணா சாப்பிடுது. இப்ப எதுக்கு சார் இதைக் கிண்டுதீங்க?" என்றும் கேட்டார்.

அறுபதுக்கு மேற்பட்ட பள்ளிகள் இந்தத் தளத்தைத் திறக்கின்றன. ஓர் ஊரில் சச்சரவு வந்தால் மற்றப் பள்ளிகளும் தளத்தை மூடிவிடுமோ என்ற பயமும் எனக்கு இருக்கிறது. அதை மறைத்துவிட்டு விதியை மட்டும் சொல்வது நேர்மையாகாது.

யோசித்து ஒரு முடிவு எடுத்தேன். நான்காம் கேள்வியை இப்போதைக்கு நீக்கிவிட்டேன். இனி எந்தப் பிள்ளையின் விடையையும் அது தவறு என்று சொல்லாது. இரு தரப்புக்கும் இது நியாயம் என்று நினைக்கிறேன். இரண்டாம் சான்று கிடைத்ததும் முறையாகச் சேர்க்கலாம்.

அன்புடன்,
நேசமணி


உப்போடைப்பட்டி
16.12.2024

சார்,

நீங்கள் எடுத்துவிட்டது தெரியாமல் இன்று அந்தப் பக்கத்தைத் திறந்தேன். உங்கள் கடிதம் மாலையில்தான் வந்தது.

மூன்றாம் கேள்விக்கு அடுத்து ஐந்து என்று வந்தது. முதலில் கவனித்தது பிள்ளைகள்தான். "டீச்சர், நாலைக் காணோம்!" அப்புறம் எல்லோரும் திரும்பி தங்கமாரியைப் பார்த்தார்கள்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் வந்தாள். "நான் தப்பா எழுதுனதுனால கேள்வியையே எடுத்துட்டாங்களா டீச்சர்?"

இல்லை என்றேன். நீங்கள் சொல்வதுபோல இரு தரப்புக்கும் நியாயம் என்று சொல்லியிருக்கலாம். அவளுக்குத் தரப்பு என்றால் புரிந்திருக்காது.

இனி உங்கள் தளத்தை என் வகுப்பில் திறக்கமாட்டேன். பாடப்புத்தகம் போதும். அதில் எங்கள் ஊரே இல்லை. அதுவே நிம்மதி.

செல்வலட்சுமி


கோவில்பட்டி
20.1.2025

அன்புள்ள டீச்சர் அவர்களுக்கு,

பொங்கலுக்கு முன்பே எழுதத் தொடங்கினேன். எழுதியதெல்லாம் என்னைக் காப்பாற்றிக்கொள்வதற்கான வாதமாகவே இருந்தது. கிழித்துவிட்டேன்.

உங்கள் கடிதம் கிடைத்த அன்று நான் செய்த முதல் காரியத்தைச் சொல்கிறேன்: ஐந்தாம் கேள்விக்கு நான்கு என்று எண்ணை மாற்றினேன். ஒழுங்காக இருக்கட்டும் என்று. மாற்றி முடித்த பிறகுதான், கேள்வி காணாமல் போனதே தெரியாதபடியும் செய்துவிட்டேன் என்று உறைத்தது. மறுபடி ஐந்து என்றே ஆக்கினேன். இப்போது அந்த இடைவெளி அப்படியே இருக்கிறது. எது சரி என்று தெரியவில்லை.

நீங்கள் பதில் எழுத வேண்டும் என்பதில்லை.

நேசமணி


கோவில்பட்டி
11.4.2025

அன்புள்ள டீச்சர் அவர்களுக்கு,

உங்களிடம் சொல்லாமல் நேற்று உங்கள் ஊருக்கு வந்தேன். பள்ளியின் வழியாகத்தான் போனேன். உள்ளே வரத் துணிவில்லை.

படம் எடுத்த நாளில் நான் வரவில்லை. வன்னியபெருமாள் அனுப்பினார், நான் போட்டேன். உங்கள் ஊரைப் பற்றி ஒரு பக்கம் எழுதிய நான் அந்தக் கிணற்றை நேரில் பார்த்தது நேற்றுத்தான்.

பசுவந்தனையில் பேருந்தை விட்டு இறங்கியதும் அவரே மோட்டார் சைக்கிளில் வந்து கூட்டிப்போனார். மக்காச்சோளம் அறுத்த கரிசல் காடு முழுவதும் வெயிலில் வெடித்துக் கிடந்தது. கிணறும் வறண்டிருந்தது. தொட்டியைச் சுற்றி சீமைக்கருவேலம் மண்டியிருந்ததால், அவர் அரிவாள் வாங்கிவந்து தன் கையால் வெட்டி வழிவிட்டார். அதையும் நான் சொல்ல வேண்டும்.

சுவரில் ஒரு துளை. அதன் வழியாக உள்ளேயிருந்து ஊற்றும் தண்ணீர் தொட்டிக்கு வருகிறது. தொட்டியின் முன்பக்கம் தண்ணீர் விழக் கல்லில் ஒரு மூக்கு. மூக்குக்கு நேர் கீழே பலகைக் கல், அதில் வட்டமாக ஒரு பள்ளம். குடம் உட்காரும் பள்ளம். செதுக்கியதா, குடம் வைத்து வைத்துத் தேய்ந்ததா என்று என்னால் சொல்ல முடியவில்லை. எதுவானாலும் மாட்டுக்குக் குடம் வைக்க வேண்டியதில்லை.

தரையில் உட்கார்ந்து அதைத் தடவிப் பார்த்தேன்.

"என்ன சார், கல்லைக் கொஞ்சிக்கிட்டு இருக்கீங்க?" என்றார்.

"இந்தப் பள்ளம் எதுக்கு அண்ணாச்சி?"

அவர் அரிவாளைத் துடைத்துக்கொண்டிருந்தார். "கொடம் வைக்க."

"யார் குடம்?"

"சார் படிச்சவிய. எல்லாத்தையும் நான் வாயால சொல்லித்தான் ஆகணுமா?"

நீங்கள் மாட்டுத் தொட்டி என்று சொன்னீர்களே என்றேன். அவர் கோபப்படவில்லை. "நான் எங்க சொன்னேன்? நீங்கதான் மாட்டுத் தொட்டிதானேன்னு கேட்டீங்க. மாட்டுக்கும் அதுலதான் ஊத்துனோம். ஆமான்னேன். வேற எதுக்குன்னு நீங்க கேக்கல, நான் சொல்லல."

பிறகு வண்டியில் ஏறும்போது, முகத்தைத் திருப்பிக்கொண்டே, "எங்கம்மா ஊத்துவா சார். நானும் ஊத்தியிருக்கேன்" என்றார்.

விடையைக் கேள்விக்குள் வைத்துக் கேட்கக் கூடாது என்பது சாட்சி கேட்பவனுக்கு முதல் பாடம். பிள்ளைகளுக்கு நான் அதை எத்தனை ஆண்டு சொல்லிக்கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து பழைய படத்தின் முழு வடிவத்தைத் தேடி எடுத்தேன். அந்தப் பள்ளம் அதிலேயே இருந்தது. கிராமத்துப் போன்களில் விரைவாகத் திறக்க வேண்டும் என்று படத்தின் அடிப்பகுதியை நான்தான் வெட்டியிருந்தேன்.

விடையைத் திருத்தப் போகிறேன். வெயிலுகந்தம்மாளின் குரலையும் பெயரையும் பக்கத்தில் சேர்க்க இன்னும் அனுமதி இருக்கிறதா என்று கேட்டுச் சொல்வீர்களா? குரல் முதலில் வரவேண்டும் என்று விரும்புகிறேன்.

நேசமணி


இடைசெவல்
19.5.2025

மதிப்பிற்குரிய சார் அவர்களுக்கு,

தேர்வு வேலை முடிந்து விடுமுறையில் ஊருக்கு வந்துவிட்டேன். தாமதத்துக்கு அது மட்டும் காரணம் இல்லை. உங்கள் கடிதத்தைப் படித்ததும் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

கிளம்பும் முன் வெயிலுகந்தம்மாளைப் போய்ப் பார்த்தேன். காபி போட்டுத் தந்தார். விஷயத்தைச் சொன்னேன். கல், பள்ளம், நீங்கள் வந்தது, எல்லாம்.

"இப்ப வேண்டாம் டீச்சர்" என்றார்.

கேள்வியை எடுத்த பிறகு பேச்சு ஊருக்குள் பரவியிருக்கிறது. "ஒங்க கதையை கம்ப்யூட்டரே ஒத்துக்கிடலியாம்லா" என்று ஆபீஸ் வேனில் ஒருத்தி கேட்டிருக்கிறாள். கூட இருந்தவர்கள் சிரித்திருக்கிறார்கள். இவர் ஒன்றும் சொல்லவில்லை. வாயாடும் அந்த அம்மாளா ஒன்றும் சொல்லவில்லை என்று எனக்கு ஆச்சரியம்.

"அன்னைக்கு ஒரு வேகத்துல சொன்னேன். சொல்லணும்போல இருந்துச்சு. இப்ப பிள்ளை கோயில்பட்டியில ஆஸ்டல்ல சேரப் போகுது, ஒம்பதாப்பு. அங்கன அவளை யாருக்கும் தெரியாது. புது எடத்துல எம் பேச்சை எவளாவது போட்டுக் கேட்டுட்டு இவளைப் பாக்கணுமா? வேண்டாம். பேரும் வேண்டாம், கொரலும் வேண்டாம்."

எனக்கும் ஒரு வருத்தம் இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். தளத்தைத் திறக்கமாட்டேன் என்று நான் மூடியது உங்கள் மேல் இருந்த கோபத்தில். ஆனால் அந்த வகுப்பில் கரும்பலகை இருந்தது, சாக்பீஸ் இருந்தது. 'தங்கமாரி எழுதியது சரி' என்று நான் எழுதியிருக்கலாம். தலைமையாசிரியர் என்ன சொல்வாரோ, மேல்தெருப் பெற்றோர் வருவார்களோ என்று இருந்துவிட்டேன். நீங்கள் திருத்திவிட்டால், தளமே சொல்கிறது என்று உங்கள் பின்னால் நின்றுகொள்ளலாம் என்று காத்திருந்தேன். நீங்கள் உங்கள் விதியின் பின்னால் நின்றீர்கள். அவள் மட்டும்தான் முன்னால் நின்றாள்.

சமூக அறிவியலில் கடைசித் தேர்வில் நல்ல மதிப்பெண். கை தூக்குவதை மட்டும் விட்டுவிட்டாள்.

செல்வலட்சுமி


கோவில்பட்டி
16.6.2025

அன்புள்ள டீச்சர் அவர்களுக்கு,

பதிவை அழித்துவிட்டேன். பென் டிரைவை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். கடைசியாக ஒருமுறை கேட்கலாமா என்று நினைத்தேன். அனுமதி இல்லாத குரல் என்பதால் கேட்கவில்லை.

பக்கம் மாறிவிட்டது. படம் முழுதாக இருக்கிறது. நான்காம் கேள்வி தன் இடத்துக்குத் திரும்பிவிட்டது. விடை: 'கிணற்றில் இறங்க விடப்படாத தெற்குத் தெரு மக்கள் குடத்தில் தண்ணீர் பிடிக்க. மாடுகளுக்கும் இதே தொட்டியில்தான் ஊற்றப்பட்டது.' அதன் கீழே, 'இந்த விடையை முன்பு இத்தளம் தவறு என்று காட்டியது. தவறு தளத்துடையது' என்று சேர்த்திருக்கிறேன். சான்று ஒன்று: தொட்டியின் அமைப்பும் குடப் பள்ளமும். சான்று இரண்டு: ஊரார் நேரில் கூறியது.

வன்னியபெருமாளுக்குப் படித்துக் காட்டினேன். "போட்டுக்கிடுங்க" என்றார். அதற்குப் பிறகு அவர் பேசுவது குறைந்துவிட்டது. குறை சொல்ல எனக்கு என்ன இருக்கிறது.

பள்ளிகள் எதுவும் தளத்தை மூடவில்லை. நான் பயந்த எதுவும் நடக்கவில்லை. டிசம்பரிலும் நடந்திருக்காது.

முடிந்தால் அந்தப் பிள்ளையிடம் காட்டுங்கள்.

நேசமணி


உப்போடைப்பட்டி
7.7.2025

மதிப்பிற்குரிய சார் அவர்களுக்கு,

சனிக்கிழமை கோவில்பட்டி பேருந்து நிலையத்தில் தங்கமாரியைப் பார்த்தேன். விடுதியிலிருந்து ஊருக்கு வருகிறாள். வளர்ந்துவிட்டாள். "டீச்சர்!" என்று ஓடிவந்து என் பையை வாங்கிக்கொண்டாள். புதுப் பள்ளியில் ஒரு சிநேகிதி, பெயர் சுஜா, எந்நேரமும் பாடிக்கொண்டே இருப்பாளாம். அதைப் பற்றியே பேசினாள்.

பசுவந்தனை வண்டி வர நேரம் இருந்தது. போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து கொடுத்தேன். மெதுவாகப் படித்தாள். படத்தைப் பெரிதாக்கிப் பள்ளத்தைப் பார்த்தாள்.

"யாரு சொல்லி மாத்துனாங்க டீச்சர்?"

"சார் நம்ம ஊருக்கே வந்தாங்க. அந்தக் கல்லைப் பாத்தாங்க. பள்ளத்தைப் பாத்ததும் தெரிஞ்சுபோச்சு."

அவள் சான்றுகளை மறுபடி படித்தாள். பாடத்தில் ஒரு சந்தேகம் கேட்பதுபோலத்தான் கேட்டாள், கோபமே இல்லை:

"நாங்க சொன்னப்ப நம்பல. கல்லு சொன்னதும் நம்பிட்டாங்களா?"

வண்டி வந்துவிட்டது. கூட்டத்தில் எனக்கு இடம் பிடிக்க முன்னால் ஓடினாள். ஊர் வரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். சுஜாவின் பாட்டைப் பற்றித்தான் மறுபடியும் பேசினாள்.

அந்தக் கேள்வி உங்களுக்கு உரியது. அதனால் அனுப்பிவைக்கிறேன்.

செல்வலட்சுமி


கோவில்பட்டி
21.7.2025

அன்புள்ள டீச்சர் அவர்களுக்கு,

மறுநாள் பதில் சொல்பவன் என்று முன்பு எழுதியிருந்தேன். நாட்கள் போய்விட்டன. பதில் வரவில்லை. அவள் கேட்டது சரி என்பதைத் தவிர எனக்கு வேறெதுவும் தெரியவில்லை.

சான்றுகளின் பட்டியலில் முதலிடத்தில் ஒன்றை மட்டும் சேர்த்தேன். முதலாவது: 'இவ்வூர் மாணவி ஒருவர் எழுதிய விடை.' அதற்குப் பிறகுதான் கல். பெயர் போடவில்லை. அவளிடம் அதற்கு அனுமதி கேட்கவும் வேண்டாம், இதைக் காட்டவும் வேண்டாம். காட்டினால் நன்றாக இருக்கிறது சார் என்று சொல்ல வேண்டிய பொறுப்பு அவளுக்கு வந்துவிடும். அவள் அந்தப் பக்கத்தில் ஒருமுறை விடை எழுதிவிட்டாள்.

நேசமணி